மருத்துவத் தகவலியலில் முனைவர் பட்டம்: தலைப்பு, நெறியாளர், தரவு, எங்கே சிக்கும்

கணினி அறிவியலில் முதுகலை முடித்தவர் மருத்துவத் தகவலியலில் பல்துறை முனைவர் பட்டம் செய்யலாமா, செய்தால் தலைப்பை எப்படிப் பிடிப்பது, எதை முதலில் படிப்பது, எங்கே சிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் இதே சந்தேகங்கள்தான். ஆகவே இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தப் படிப்பில் கடினமான பகுதி அல்காரிதம் என்று தோன்றும். உள்ளே வந்தவர்களின் காலை வாரிவிடுவது வேறு. மருத்துவமனைப் பதிவில் இருக்கும் ஓர் எண் யார் கையால், எதற்காக, எந்த நேரத்தில் அங்கே வந்து உட்கார்ந்தது என்று தெரியாமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான்.

இது என்ன துறை

"மருத்துவத் தரவில் மெஷின் லேர்னிங் ஓட்டுவது" என்று சுருக்கிப் புரிந்துகொண்டு வருகிறவர்கள் அதிகம். துறை அதைவிட மூத்தது. 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர், நோயாளிப் பதிவை அந்த நோயாளியின் பிரச்சினைகளின் பட்டியலை மையமாக வைத்து ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எழுதினார். மருத்துவர் எப்படி யோசிக்கிறார், யோசித்ததை எப்படிக் குறித்துவைக்கிறார் என்பதே அங்கே கேள்வி. ஜெர்மனியில் ஹைடல்பர்க்கும் ஹைல்பிரானும் சேர்ந்து 1972-இல் இதற்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கின.

இந்தத் துறையின் குணத்தைப் புரிந்துகொள்ள மைசின் கதை ஒன்று போதும். 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான இந்த நிரல், கடுமையான தொற்றுகளுக்கு எந்த ஆன்டிபயாடிக் தரலாம் என்று பரிந்துரைக்கும். 1979-இல் வெளியான மதிப்பீட்டில், பரிந்துரை யாருடையது என்று தெரியாத தொற்றுநோய் நிபுணர்கள் மைசினுடைய பரிந்துரைகளில் 65 சதவீதத்தை ஏற்றார்கள். அதே நோயாளிகளுக்கு ஐந்து சிறப்பு மருத்துவர்கள் தந்த பரிந்துரைகள் பெற்ற ஏற்பு 42.5 முதல் 62.5 சதவீதம் வரைதான். மனிதரை வென்ற நிரல், ஆனால் வார்டில் ஒருநாளும் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. நோயாளியின் பதிவோடு அதற்கு இணைப்பு கிடையாது. மருத்துவர் தனியாக ஒரு முனையத்தில் உட்கார்ந்து கேள்விக்கு மேல் கேள்வியாகத் தட்டச்சு செய்து பதில் சொல்ல வேண்டும். துல்லியம் ஒரு பங்கு, வேலை நடக்கும் ஓட்டத்தில் அது எங்கே போய்ப் பொருந்துகிறது என்பது மறு பங்கு. இரண்டையும் சேர்த்து ஆராய்வதுதான் தகவலியல்.

தலைப்பைச் சோதிக்கும் வழி

நீங்கள் எழுதிவைத்திருக்கும் தலைப்பிலிருந்து மருத்துவத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். எஞ்சியது முழுமையான கணினி ஆய்வாக நிற்கிறதா? அப்படியானால் கணினித் துறையிலேயே செய்யுங்கள், அங்கே உங்களுக்கு நல்ல விமர்சகர்கள் கிடைப்பார்கள். அடுத்து கணினியை எடுத்துவிட்டுப் பாருங்கள். வழக்கமான நோய்ப்பரவலியல் ஆய்வாக நிற்கிறதென்றால் அந்தத் துறைக்குப் போகலாம். எதை எடுத்தாலும் தலைப்பு சரிந்து விழ வேண்டும். அதுதான் பல்துறை ஆய்வு.

"செப்சிஸை முன்கூட்டியே கணிக்கும் டீப் லேர்னிங் மாடல்" என்பது (செப்சிஸ் என்றால் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை உறுப்புகளையே பாதிக்கும் ஆபத்தான நிலை) இந்தச் சோதனையில் தேறாது. இப்படி ஒரு மாடலைக் கட்டுவது புதிதல்ல, கட்டியது உதவுகிறதா என்பதுதான் விடை தெரியாத கேள்வி. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வணிக செப்சிஸ் மாடலை வெளியாட்கள் சோதித்த ஆய்வு 2021-இல் வந்தது. நோயாளிகள் மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 38,000 அனுமதிகளில் பார்த்தார்கள். ஏயூசி 0.63 (நோயுள்ளவரையும் இல்லாதவரையும் மாடல் எவ்வளவு பிரித்தறிகிறது என்ற அளவு; 0.5 என்றால் வெறும் ஊகம், 1 என்றால் பிழையே இல்லை). செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டது. அதே சமயம் அனுமதிக்கப்பட்ட எல்லோரிலும் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை அடித்தது. இங்கிருந்து ஒரு நல்ல தலைப்பு பிறக்கும்: மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டு இரத்தக் கல்ச்சருக்கு (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எழுதிய பிறகு வரும் எச்சரிக்கைகளைக் கழித்துவிட்டால், எச்சரிக்கை புதிதாகச் சொல்வது எவ்வளவு? இதற்கு விடை காண வேண்டுமென்றால் ஆர்டர் பதிவின் நேரங்கள் தெரிய வேண்டும், வார்டின் நடைமுறை தெரிய வேண்டும், புள்ளியியலும் தெரிய வேண்டும்.

எதைக் கணிக்கிறோம் என்ற தேர்விலேயே ஆய்வின் தலையெழுத்து முடிந்துவிடுவதும் உண்டு. 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று அமெரிக்காவில் முடிவுசெய்த ஓர் அல்காரிதத்தைப் பிரித்துப் பார்த்தது. அது நோயின் கடுமையைக் கணிக்கவில்லை, எதிர்காலச் செலவைக் கணித்தது. ஒரே அளவு நோயுள்ள வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளுக்குக் குறைவாகச் செலவாகியிருந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்களாகக் கணக்கில் வந்தார்கள். இந்தச் சாய்வைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7-லிருந்து 46.5 சதவீதமாகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிரலில் எந்தப் பிழையும் இல்லை. எதைக் கணிப்பது என்று தேர்ந்தெடுத்த இலக்கில்தான் பிழை.

நெறியாளர்கள்: பெயர் போதாது, நேரம் வேண்டும்

குறைந்தது இருவர் தேவை. ஒருவர் முறையியல் தெரிந்தவர், இன்னொருவர் இன்றைக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர். மூன்றாவதாக ஓர் உயிர்ப்புள்ளியியலாளர் குழுவில் இருந்தால் பின்னால் பெரிய தலைவலி மிச்சம். இவர்களைத் தவிர, எந்த விதிமுறையிலும் பெயர் வராத நான்காவது ஆள் ஒருவர் உண்டு: மருத்துவமனையின் தரவுக்கிடங்கைப் பராமரிக்கும் பகுப்பாய்வாளர். எந்த அட்டவணை எந்த வருடத்தில் மாறியது, எந்தப் புலத்தை யாரும் நிரப்புவதே இல்லை என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். கட்டுரையில் அவருக்கு என்ன இடம் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

மருத்துவ நெறியாளரோடு வாரம் ஒரு மணி நேரக் கூட்டம் என்று திட்டமிட்டால் இரண்டாவது மாதத்தில் நின்றுபோகும். இருபது நிமிடம் கேளுங்கள், கையில் பத்து உண்மையான பதிவுகளோடு போங்கள். "இந்த நோயாளிக்கு மூன்றாம் நாள் ஏன் இந்தப் பரிசோதனை எழுதப்பட்டது?" என்ற மாதிரிக் கேள்விக்கு அவர் உற்சாகமாகப் பதில் சொல்வார். "என் மாடலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றால் "நன்றாக இருக்கிறது" என்பதோடு முடிந்துவிடும்.

எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம் நெறியாளர் ஒருவரின் சொந்தப் பொறுப்பில் மட்டும் இருந்தால், அவர் வேறு நிறுவனத்துக்குப் போகும் நாளில் உங்கள் தரவும் போய்விடும். ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயர் பயனராக இடம்பெறட்டும். கட்டுரை ஆசிரியர் வரிசையையும் முன்பே பேச வேண்டும். மருத்துவ இதழ்களில் கடைசிப் பெயர் மூத்த ஆய்வாளருடையது என்பது வழக்கம். கணினித் துறையின் சில பிரிவுகளில் அகர வரிசைப்படி போடுவார்கள். எங்கே வெளியிடுவது என்பதிலும் இரு பக்கத்துக்கும் ஒத்துப்போகாது. கணினிப் பேராசிரியர் மாநாட்டுக் கட்டுரை கேட்பார், மருத்துவர் இதழ்க் கட்டுரையை மட்டும்தான் எண்ணுவார். இரண்டையும் மதிக்கும் இடங்கள் துறைக்குள்ளேயே உண்டு: ஜாமியா (அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கத்தின் இதழ்), ஜர்னல் ஆஃப் பயோமெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ், 1962 முதல் வரும் மெத்தட்ஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன் இன் மெடிசின். முதல் கட்டுரையை இவற்றில் ஒன்றுக்குக் குறிவைப்பது சண்டையைத் தவிர்க்கும்.

தரவு எப்படிப் பிறக்கிறது

ஆய்வேட்டின் உயிர் இந்தப் பகுதியில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவமனைப் பதிவு ஆய்வுக்காக எழுதப்படுவதில்லை. சிகிச்சைக்காகவும், கட்டணக் கணக்குக்காகவும், சட்டப் பாதுகாப்புக்காகவும் எழுதப்படுகிறது. அதனால் உடலின் நிலையோடு மருத்துவரின் மனநிலையும் அதில் பதிவாகிறது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 2018-இல் பிஎம்ஜே இதழில் வந்தது. 174 வகை ஆய்வகப் பரிசோதனைகளை எடுத்து, மூன்று ஆண்டு உயிர்வாழ்வை எது நன்றாகக் கணிக்கிறது என்று பார்த்தார்கள். பரிசோதனையின் முடிவா, அது எழுதப்பட்ட நேரமா? 118 பரிசோதனைகளில் நேரம்தான் வென்றது. நடுராத்திரியில் ஒருவருக்கு இரத்தப் பரிசோதனை எழுதினால், முடிவு எதுவாக இருந்தாலும், யாரோ அவரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார் என்று பொருள். உங்கள் மாடல் நோயைக் கற்கிறதா, அந்தக் கவலையைக் கற்கிறதா? வாய்மொழித் தேர்வில் இது கட்டாயம் வரும்.

விடுபட்ட மதிப்புகளும் இப்படித்தான். லாக்டேட் (நோய் கடுமையானால் இரத்தத்தில் கூடும் பொருள்) அளக்கப்படவில்லை என்றால், பெரும்பாலும் மருத்துவர் அது தேவையில்லை என்று நினைத்தார் என்று அர்த்தம். அதைச் சராசரியால் நிரப்பினால், நலமாக இருந்தவரை நடுத்தர நோயாளியாக்கிவிடுகிறீர்கள்.

நோய்க்குறியீடுகளை நம்பி நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பது அடுத்த பள்ளம். நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் இ11 என்றால் இரண்டாம் வகை நீரிழிவு. ஒரு பதிவில் இ11 ஒரே ஒரு முறை வந்திருந்தால், அது நோயாகவும் இருக்கலாம், நோய் இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனை எழுதியபோது போட்ட குறியாகவும் இருக்கலாம். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது, சினைப்பை நீர்க்கட்டிக்கும் அதைத் தருகிறார்கள். ஆகவே விதிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். வெவ்வேறு நாளில் குறைந்தது இரண்டு முறை குறியீடு, அல்லது சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து கூடவே நீரிழிவு மருந்து, இப்படி. கட்டியதை அப்படியே விடவும் கூடாது. 150 பதிவுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகப் படிக்கக் கொடுங்கள்.

அவர்களுடைய ஒப்புமையை வெறும் சதவீதமாகச் சொல்லக் கூடாது. ஒரு கணக்கு பார்ப்போம். இருவரும் "ஆம்" என்றது 60, இருவரும் "இல்லை" என்றது 66, முரண்பட்டது 24, அதில் ஒருவர் மட்டும் "ஆம்" என்றது ஆளுக்குப் பன்னிரண்டு. ஒப்புமை 126/150, அதாவது 84 சதவீதம். ஆனால் ஒவ்வொருவரும் 48 சதவீதம் "ஆம்" சொல்பவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 50 சதவீதம் ஒத்துப்போகும். அதைக் கழித்துவிட்டு எஞ்சிய இடத்தில் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று பார்க்கும் அளவான கோஹன் கப்பா 0.68. மோசமில்லை, ஆனால் 84 என்ற எண் தந்த தெம்பு இதில் இல்லை. முரண்பட்ட 24 பதிவுகளை மூன்றாமவர் தீர்த்துவைக்க வேண்டும். அந்த 24-லும் ஏன் முரண்பாடு வந்தது என்று எழுதிவைத்தீர்களானால், அதுவே ஆய்வேட்டின் ஒரு நல்ல அத்தியாயத்துக்கு விதை.

அலகுகள் சலிப்பூட்டும் விஷயம்தான், ஆனால் மாதக்கணக்கில் வேலையை வீணாக்கியிருக்கின்றன. குளுக்கோஸ் ஒரு இடத்தில் மில்லிகிராம்/டெசிலிட்டர், இன்னொரு இடத்தில் மில்லிமோல்/லிட்டர். மாற்ற 18-ஆல் வகுக்க வேண்டும். கிரியாட்டினினுக்கு 88.4-ஆல் பெருக்கினால் மைக்ரோமோல்/லிட்டர். செல்சியஸ் நெடுவரிசையில் 98.6 என்று ஃபாரன்ஹீட் மதிப்பு உட்கார்ந்திருக்கும். ஆய்வகப் பரிசோதனைகளுக்கான லோயின்க் குறியீட்டில் சீரம் அல்லது பிளாஸ்மா குளுக்கோஸ் 2345-7, முழு இரத்தத்தில் அளந்தது 2339-0. இரண்டையும் "குளுக்கோஸ்" என்று ஒரே பெயரில் சேர்த்தால் இருவேறு அளவைகளைக் கலக்கிறீர்கள். ஒவ்வொரு மாறிக்கும் வருடவாரியாகப் பரவல் வரைபடம் போட்டுப் பாருங்கள். திடீரென்று இரண்டு மேடு தெரிந்தால் அலகு கலந்திருக்கிறது. ஒரு வருடத்தில் மொத்த வரைபடமும் நகர்ந்திருந்தால் கருவியோ மென்பொருளோ மாறியிருக்கிறது.

நேரமுத்திரை இதைவிட நயவஞ்சகமானது. ஒரே பரிசோதனைக்கு நான்கு நேரங்கள் இருக்கும்: மருத்துவர் எழுதிய நேரம், இரத்தம் எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்த நேரம், முடிவு வெளியான நேரம். எடுத்த நேரத்தை வைத்து மாடல் கட்டினால், காலை ஆறு மணி மாதிரியின் முடிவை ஆறு மணிக்கே உங்கள் மாடல் அறிந்திருக்கும். நிஜத்தில் முடிவு எட்டு மணிக்குத்தான் திரையில் வரும். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் மாடலின் "முன்கூட்டிய கணிப்பு" முழுவதையும் தின்றுவிடக்கூடும்.

கசிவு

எதிர்காலத் தகவல் பயிற்சித் தரவுக்குள் நுழைவதைத்தான் கசிவு என்கிறோம். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐசியு) நோயாளிகளின் பொதுத் தரவுத்தளமான மிமிக்கில் அடிக்கடி நடப்பது இது: முதல் 24 மணி நேரத்தை வைத்து மரணத்தைக் கணிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, ஐசிடி குறியீடுகளையும் உள்ளீடாகக் கொடுப்பார்கள். அந்தக் குறியீடுகள் நோயாளி வெளியேறிய பிறகு போடப்படுபவை. ஒரே நோயாளியின் இரு மருத்துவமனை அனுமதிகளில் ஒன்று பயிற்சிக்கும் மற்றது சோதனைக்கும் போவது, பிரிப்பதற்கு முன்பே மொத்தத் தரவின் சராசரியால் விடுபட்டதை நிரப்புவது, இரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை உள்ளீடாகக் கொடுத்து அதிர்ச்சி நிலையைக் "கணிப்பது", எல்லாம் இதே குடும்பம்.

தீர்வு எளிது, சோம்பல்தான் எதிரி. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: கணிக்கும் கணத்தில் இந்த மதிப்பு திரையில் தெரியுமா? "தெரியும்" என்று உறுதியாகச் சொல்ல முடியாததை வெளியே தள்ளுங்கள். ஏயூசி 0.95-ஐத் தாண்டினால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

மிமிக்கைப் பற்றிச் சொல்லும்போதே இன்னும் இரண்டு. அதில் ஒவ்வொரு நோயாளியின் தேதிகளும் தனித்தனி அளவில் எதிர்காலத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கின்றன. ஆகவே தொற்றுக் காலம் பற்றிய கேள்விகளை அதில் கேட்க முடியாது. 89 வயதைத் தாண்டியவர்களின் வயது மிமிக்-4-இல் 91 என்று மாற்றப்பட்டிருக்கிறது, அதைச் சராசரி வயதில் சேர்க்கும்போது கவனம் தேவை. மொத்தமும் பாஸ்டனின் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தது. பழகுவதற்கு அருமையான தரவு, "எல்லா ஐசியுக்களிலும் இப்படித்தான்" என்று சொல்வதற்குப் போதாது. அனுமதி பெற, மனித ஆய்வுப் பயிற்சி ஒன்றை முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தரவை ஒப்பந்தத்தில் இல்லாத எவரோடும் பகிரக் கூடாது. இணையத்தில் இருக்கும் சாட்பாட்டில் பதிவுக் குறிப்பை ஒட்டுவதும் பகிர்வதே.

ஒப்புதலும் காத்திருப்பும்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தரவு அனுமதியும் வெவ்வேறு வாசல்கள். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டையும் முதல் பருவத்திலேயே தொடங்குங்கள், ஆறு மாதத்தைக் காத்திருப்புக்கென்றே ஒதுக்குங்கள். விண்ணப்பத்தில் எத்தனை மாறிகள், எந்த ஆண்டுகள், எங்கே சேமிப்பு, யார் தொடலாம், எப்போது அழிப்பது என்று பட்டியலிட்டுக் கொடுத்தால் திருப்பி அனுப்புவது குறையும். "எல்லாத் தரவும் வேண்டும்" என்று எழுதினால் கண்டிப்பாகத் திரும்பி வரும்.

பெயரை நீக்கிவிட்டோமே என்ற சமாதானம் செல்லாது. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் இருந்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லட்டான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்நாட்டில் மருத்துவத் தகவலின் தனியுரிமையைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் ஒரு வழிமுறை 18 வகை அடையாளங்களை நீக்கச் சொல்கிறது. ஆனால் மருத்துவர் தட்டச்சு செய்த குறிப்புக்குள் "ஊர்த் தலைவரின் மகள்" என்று இருந்தால் எந்தப் பட்டியலும் அதைப் பிடிக்காது. இப்படி வாக்கியங்களாக எழுதப்பட்ட குறிப்புகளோடு வேலை செய்கிறவர்கள் தனியாக ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும்.

காத்திருக்கும் மாதங்களில் சின்தியா போன்ற செயற்கை நோயாளித் தரவில் உங்கள் நிரல் ஓட்டத்தை முழுவதுமாகக் கட்டி முடியுங்கள். முடிவுகளுக்கு அந்தத் தரவு உதவாது, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க உதவும்.

எதைப் படிப்பது

கணினிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நோய்ப்பரவலியலைத்தான் முதலில் படிக்க வேண்டும், உடற்கூறியலை அல்ல. கடுமையாக நோயுற்றவருக்குத்தான் கடுமையான மருந்து தரப்படும், அதனால் மருந்தே கொல்வதுபோல் தரவில் தெரியும். மருந்து கிடைக்கும்வரை உயிரோடு இருந்தவர்களை மட்டும் மருந்துக் குழுவில் சேர்த்தால், மருந்தே காப்பாற்றியதுபோல் தெரியும். இந்த இரண்டு மாயைகளையும் புரிந்துகொள்ளாமல் எந்தச் சிகிச்சை ஒப்பீட்டையும் தொடாதீர்கள்.

மருத்துவப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நியூரல் நெட்வொர்க்குக்கு முன் தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்க வேண்டும். வேலையில் பெரும்பகுதி அட்டவணைகளைச் சேர்ப்பதுதான், ஒரு தவறான ஜாயின் (சேர்ப்பு) நோயாளிகளின் எண்ணிக்கையைச் சத்தமில்லாமல் இரட்டிப்பாக்கிவிடும். ஒவ்வொரு சேர்ப்புக்கும் முன்னும் பின்னும் வரிகளை எண்ணும் பழக்கம் வேண்டும். பிறகு ஆர் அல்லது பைத்தான், இந்த நிரல்மொழிகளில் ஏதாவது ஒன்று போதும், கூடவே நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட். ஆம்/இல்லை விடையைக் கணிக்கும் அடிப்படைப் புள்ளியியல் முறையான லாஜிஸ்டிக் ரெக்ரஷனைக் கையால் விளக்கத் தெரியும்வரை மேலே போக வேண்டாம்.

இரு தரப்புக்கும் பொது: ஐசிடி, ஸ்னோமெட் சிடி, லோயின்க் மூன்றும் எதற்காகப் பிறந்தவை என்ற வித்தியாசம். ஐசிடி வகைப்படுத்தி எண்ணுவதற்கு, ஸ்னோமெட் மருத்துவர் சொன்னதை நுணுக்கமாகக் குறிப்பதற்கு, லோயின்க் பரிசோதனைக்கும் அளவைக்கும் பெயர் வைப்பதற்கு. மருத்துவமனைகளுக்கிடையே தரவைப் பரிமாற ஃபயர் தரநிலை, பல மருத்துவமனைகளின் தரவை ஒரே அமைப்பில் வைத்து ஆராய ஓமாப் அமைப்பு. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு நோயாளியின் பதிவை எடுத்து, கையால் ஓமாப் அட்டவணைகளில் நிரப்பிப் பாருங்கள். எந்தத் தகவல் வழியில் தொலைகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

மதிப்பீடு: ஏயூசியோடு நிறுத்தாதீர்கள்

பத்தாயிரம் நோயாளிகள், அவர்களில் 2 சதவீதம் பேருக்கு நோய். உங்கள் மாடலின் உணர்திறன் (நோயுள்ளவரைப் பிடிப்பது) 80 சதவீதம், குறித்தன்மை (நோயில்லாதவரைச் சரியாக விடுவது) 90 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால், நோயுள்ள 200 பேரில் 160 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 9,800 பேரில் 980 பேருக்கும் மணி அடிக்கும். மொத்தம் 1,140 எச்சரிக்கைகளில் உண்மையானவை 14 சதவீதம். ஏழு முறை ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்று. மருந்து எச்சரிக்கைகளை மருத்துவர்கள் புறக்கணிக்கும் விகிதம் 49 முதல் 96 சதவீதம் வரை என்று 2006-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அவர்கள் சோம்பேறிகள் என்பதல்ல, ஏழில் ஆறு வீண் என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

எனவே முன்கணிப்பு மதிப்பு (அடித்த எச்சரிக்கைகளில் உண்மையானவை எத்தனை சதவீதம்), வார்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை எச்சரிக்கை, அளவொப்பு வரைபடம் ஆகியவை கட்டாயம். 20 சதவீத ஆபத்து என்று மாடல் சொன்ன நூறு பேரில் உண்மையில் இருபது பேருக்கு வந்ததா என்பதே அளவொப்பு. அரிதான நோய் என்று பயிற்சித் தரவில் நோயாளிகளைச் செயற்கையாகப் பெருக்கினால் இது கெட்டுப்போகும். மாடல் பார்க்காத வேறிடத் தரவில் செய்யும் வெளிச் சரிபார்ப்புக்குக் குறைந்தது 100 நிகழ்வுகள் வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள அடிமட்டம். 2 சதவீத நோய்க்கு அது 5,000 நோயாளிகள். தரவு கேட்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கணிப்பு மாடல் பற்றிய கட்டுரையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று 2024-இல் வந்த டிரைபாட்+ஏஐ பட்டியலின் 27 உருப்படிகளை, கட்டுரை முடிந்த பின் நிரப்பும் படிவமாக வைக்காமல் முன்மொழிவு எழுதும்போதே பக்கத்தில் வையுங்கள்.

மென்பொருளை நிறுவுவதும் ஒரு சிகிச்சைதான், அதற்கும் பக்கவிளைவு உண்டு. 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் கணினி வழி ஆர்டர் முறை வந்த பின், வேறிடத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளின் இறப்பு 2.80-லிருந்து 6.57 சதவீதமானது. முன்பு குழந்தை வந்துசேரும் முன்பே மருந்துகளைத் தயார் செய்வார்கள். புதிய முறையில் குழந்தை வந்து பதிவான பிறகுதான் ஆர்டரே போட முடிந்தது. அதே மென்பொருளை வேறு விதமாக நிறுவிய இன்னொரு மருத்துவமனையில் இறப்பு கூடவில்லை. இந்த வித்தியாசம் தரவுத்தளத்தில் கிடைக்காது, வார்டில் நின்று பார்த்தால்தான் கிடைக்கும். ஆகவே நேரடி அவதானிப்பு, நேர்காணல் போன்ற பண்புசார் முறைகளில் ஒரு பாடமாவது எடுங்கள். கணினிக்காரர்கள் இதை இலேசாக நினைப்பது வழக்கம், பிறகு, கீழே சொல்லப்போகும் மூன்றாவது கட்டுரையில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

ஆய்வேட்டின் வடிவம்

மூன்று கட்டுரை வடிவம் அனுமதிக்கப்பட்டால் அதை எடுங்கள். முதல் கட்டுரை, நோயாளிகளை எப்படி அடையாளம் கண்டோம், தரவின் தரம் என்ன. இரண்டாவது, மாடல் அல்லது முறை. மூன்றாவது, வேறிடத்தில் சரிபார்ப்பு அல்லது வேலை ஓட்டத்தில் அதன் பயன்பாடு. மூன்றாவது கட்டுரையை நேரடி நிறுவலை நம்பி வைக்காதீர்கள். மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் துறை மென்பொருள் மாற்றத்தை ஒரு வருடம் நிறுத்திவைத்தால் உங்கள் பட்டமும் நிற்கும். மாடல் பின்னணியில் ஓடும், எச்சரிக்கை யாருக்கும் தெரியாது, முடிவுகளை மட்டும் சேமிப்பது என்ற மௌன ஓட்டம் நல்ல நடுவழி.

நேரடிச் சோதனைதான் வேண்டுமென்றால் நோயாளிகளை ஒவ்வொருவராகக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்காதீர்கள். ஒரே மருத்துவர் ஒரு நோயாளிக்கு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கும் அதே கவனத்தைத் தருவார், வித்தியாசம் கரைந்துபோகும். வார்டு வார்டாகக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். அப்போது மாதிரி அளவு கூடும், புள்ளியியலாளரை முன்பே பிடித்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வாய்மொழித் தேர்வில் இரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் இருப்பார்கள். மருத்துவர் கேட்பார்: "இது சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்காதா?" கணினிப் பேராசிரியர் கேட்பார்: "இதில் முறை அளவில் புதிதென்ன?" புள்ளியியலாளர், விலக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டும் படத்தைத் திறந்து, 12,400 பேர் எப்படி 3,100 ஆனார்கள் என்று ஒவ்வொரு படியாகக் கேட்பார். முதல் இரண்டுக்கும் யோசித்துப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு, தரவு எடுத்த தேதியோடு ஒவ்வொரு விலக்கலையும் அன்றன்றைக்கே எழுதிவைத்த கோப்பு கையில் இருக்க வேண்டும்.